ரிப்பன் பார்க்கும் பக்கம்

ஜனவரி 4, ஞாயிறு

காலையிலேயே தம்பி வந்துவிட்டான். செருப்பைக் கழற்றும்போதே முதுகுக்குப் பின்னால் எதையோ மறைத்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் அணில் குட்டி பிடித்துவந்தால் இப்படித்தான் நிற்பான். இந்த முறை கல். கறுப்பு, பளபளப்பு, அளவுக்கு மீறிய கனம்.

"மேசையில காகிதம் பறக்காம வைக்க நல்லா இருக்கும்ல?"

அலமாரியிலிருந்து கதிர்வீச்சு மீட்டரை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அது கத்திய கத்தலில் அம்மா "என்னடி, பால் பொங்கிடுச்சா?" என்று அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள்.

"கல்லு கொஞ்சம் பேசுது, அவ்வளவுதானக்கா?"

"பேசலடா. ஊரைக் கூட்டுது. எங்க பொறுக்கின?"

மலைக்கு அந்தப் பக்கம் மூடிக்கிடக்கும் வெள்ளீயச் சுரங்கத்தில். வேறெங்கே? பிழைப்புக்கு லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க லிஃப்ட் குழிக்குள் இறங்கி ஏறுவது போதாதென்று விடுமுறையிலும் பழைய ஆலை, நிலவறை, சுரங்கம் என்று தேடிப்போய் நுழைவான். கூட்டாளிகள் வைத்த பெயர் பெருச்சாளி. அம்மாவுக்கு அந்தப் பெயர் பிடிக்காது. எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கல்லைத் தகர டப்பாவில் போட்டு மூடினேன். அவன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவவைத்தேன். அப்புறம்தான் வந்த விஷயத்தைச் சொன்னான். நகராட்சி அந்தச் சுரங்கத்தைச் சுற்றிக்காட்டும் இடமாக நடத்தக் குத்தகைக்கு விடுகிறதாம். இவனுக்குக் கிடைத்துவிட்டதாம். வேலையை விடப்போகிறானாம்!

"நீ அளந்து எழுதிக் குடுத்தா போதும். மத்ததை நான் பாத்துக்கறேன்."

நல்ல வேலையை விட்டுவிட்டு மலைக்குள் போய் உட்காருகிறேன் என்கிறான். அதை எவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிறான்.

ஜனவரி 6, செவ்வாய்

மேலாளரிடம் சொன்னேன்: அது என் தம்பி எடுக்கிற இடம், அளக்க வேறு யாரையாவது அனுப்புங்கள். "வேற யாரு இருக்கா? தம்பின்னு மீட்டர் முள்ளு குனிஞ்சு குடுக்குமா?" என்றார். அதுவும் சரிதான்.

ஜனவரி 10, சனி

சுரங்கத்தில் முதல் நாள். என் தொழிலே இதுதான். மூடிய ஆலை, கிடங்கு, ஆஸ்பத்திரி எதையாவது திரும்பத் திறக்க வேண்டுமென்றால் முதலில் நான் போய்க் கதிர்வீச்சு அளந்து, ஆபத்தில்லை என்றால் கையெழுத்துப் போட வேண்டும். ஆனாலும் இவ்வளவு பெரிய இடத்தைப் பார்த்ததில்லை.

தாது அரைத்த கட்டடத்தில் பாதிக் கூரை இல்லை. ஒரு பெரிய குழாயின் பக்கவாட்டில் பூசணிக்காய் அளவுக்கு இரும்புக் குடம் ஒன்றைத் திருகி வைத்திருந்தார்கள். துருவைச் சுரண்டினால் மஞ்சள் வண்ணம், மூன்று இதழ் கதிர்வீச்சு முத்திரையின் ஓரம். குழாயில் ஓடும் சேறு எவ்வளவு கெட்டி என்று பார்க்க இப்படி வைப்பார்கள். உள்ளே கதிர்வீசும் சின்ன உருண்டை ஒன்று இருக்கும். சுரங்கத்தை மூடும்போது எடுத்துப்போயிருக்க வேண்டும். மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள், மகராசன்கள். நல்லவேளை, மூடி இறுகிப் பூட்டியிருந்தது. எல்லோரையும் வெளியே அனுப்பி, சுற்றிக் கயிறு கட்டி, அதை எடுத்துப்போக வேண்டிய ஆட்களுக்குச் சொல்லிவிட்டேன்.

தம்பி முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, போன வருஷம் அதுமேல உக்காந்து பன்னு தின்னேன்."

"பன்னுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது" என்றேன்.

அப்புறம் பூட்டிய குடத்தைத் தூரத்திலிருந்தும் பக்கத்திலிருந்தும் அளந்து காட்டி, அவ்வளவு நேரத்துக்குப் பயமில்லை என்று சொன்ன பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது. கல்லைக் கொட்டிவைத்த மேடும் மோசம். வேலி போடச் சொல்லியாயிற்று.

இதற்குத்தான் என்னைப் போல ஒருத்தி வேண்டும். தற்பெருமை இல்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது.

ஜனவரி 11, ஞாயிறு

சுரங்கத்துக்கு இரண்டு வாய். மலையடிவாரத்தில் கீழ் வாசல், அதன் வழியாகத்தான் ஆட்கள் நடந்து போவார்கள். மலையுச்சியில் மேல் கிணறு, செங்குத்தாக இறங்குகிறது. இரண்டுக்கும் நடுவே பழைய வெட்டுகள், சந்துகள், இடிந்த பொந்துகள். அதையெல்லாம் கம்பி போட்டு அடைக்கப்போகிறார்கள். நடக்கும் பாதை ஒன்றே ஒன்றுதான்.

இன்றைக்குக் காற்றை அளக்கும் டப்பா வைத்தோம். கல்லைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் காற்றைப் பார்த்துப் பயப்படுவதில்லை. யுரேனியம் கொஞ்சம் கலந்த பாறையாக இருந்தால் போதும், அதிலிருந்து ரேடான் என்ற வாயு கசிந்துகொண்டே இருக்கும். நிறமில்லை, வாசனையில்லை. மூச்சோடு போய் நுரையீரலில் வேலையைக் காட்டும், அதுவும் இன்றைக்கில்லை, பல வருடம் கழித்து. கையில் பிடிக்கும் மீட்டர் இதற்கு உதவாது. இந்தச் சின்ன டப்பாக்களைச் சில வாரம் அங்கேயே வைத்துவிட்டு, பிறகு எடுத்துச் சோதிக்க வேண்டும்.

பாதை நெடுக வைத்துக்கொண்டே போனேன். வெளியே உறைகிற குளிர். அந்தக் காற்றும் எங்களோடு உள்ளே வந்தது. பிடரியில் கை வைத்து "போ, போ" என்று யாரோ தள்ளுவது மாதிரி இருந்தது.

கீழ் வாசலை ஒட்டி ஒரு செங்கல் அறை. அந்தக் காலத்தில் தொழிலாளிகளுக்கு விளக்கு கொடுத்த இடம். இனி டிக்கெட் அறை. தம்பி மனைவிதான் அங்கே உட்காரப்போகிறாள். தரையைப் பெருக்கிக்கொண்டே கேட்டாள்:

"இங்க ஒண்ணு வைக்கலையாக்கா?"

"இது வெளியம்மா. வெளிக்காத்தை அளக்க ஆரம்பிச்சா உலகத்தையே அளக்கணும்."

சிரித்தாள். நானும்.

பிப்ரவரி 13, வெள்ளி

முடிவுகள் வந்துவிட்டன. எல்லாம் வரம்புக்குக் கீழே. ரொம்ப ரொம்பக் கீழே! கீழ் வாசலில் நுழைகிற காற்று மலையைத் துளைத்து நேராக மேல் கிணறு வழியாக வெளியேறிவிடுகிறது. ரேடான் உட்கார்ந்து கதை பேச நேரமே இல்லை. வீட்டுக்கு முன்வாசலும் கொல்லையும் திறந்து வைத்தால் காற்று போவதுபோலத்தான்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். கட்டுப்பாடுகளும் எழுதினேன்: உள்ளே எதுவும் தின்னக் கூடாது, கல் எடுக்கக் கூடாது, வெளியே வந்ததும் பூட்ஸைக் கழுவ வேண்டும், ஆலைக் கட்டடத்துக்கும் கல்மேட்டுக்கும் யாரும் போகக் கூடாது.

தம்பி என்னைத் தூக்கிச் சுற்றப் பார்த்தான். முடியவில்லை. "மாமா, அக்காவுக்கு என்ன போடறீங்க?" என்று இவரைக் கேட்டான். இவர் கண்ணாடிக்கடை வைத்திருப்பவர். எதையும் துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். "பாராட்டு. அதுதான் உடம்புல ஒட்டுது" என்றார்.

தம்பி சட்டையில் சிகரெட் வாசனை. விட்டுவிட்டேன் என்று சொல்லியிருந்தான்.

பிப்ரவரி 22, ஞாயிறு

திறப்பு விழா. வாசல் கம்பிக்கதவில் சிவப்பு ரிப்பன். நகராட்சிக்காரர் கத்திரிக்கோலை எடுத்து வெட்டியதும் வேடிக்கை. வெட்டின பாதி சட்டென்று சுரங்கத்துக்குள் பாய்ந்து, உள்ளே நின்ற தம்பியின் ஹெல்மெட்டில் போய்ச் சுற்றிக்கொண்டது. "சுரங்கமே ரிப்பனை இழுத்துக்கிச்சு!" என்று கூட்டம் கைதட்டியது. காற்று அவ்வளவு வேகமாக உள்ளே போகிறது. பார்த்தீர்களா, நான் சொன்ன காற்றோட்டம் என்று அக்கம்பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் விளக்கினேன். கேட்காதவர்களுக்கும்.

மிச்சமிருந்த ரிப்பனை அவிழ்க்கப் போனார்கள். ராசியானது, இருக்கட்டும் என்று தம்பி கதவிலேயே விட்டுவிட்டான்.

அம்மா புதுச் செருப்போடு உள்ளே போய்வந்து, "லிஃப்ட்டுக்கு இது எவ்வளவோ தேவல" என்றாள். அம்மாவிடம் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

மார்ச் 15, ஞாயிறு

கூட்டம் சுமார்தானாம். குளிருக்குள் நடந்து இன்னொரு குளிருக்குள் யார் போவார்கள்? கோடை வரட்டும் என்கிறான் தம்பி. இப்போது மூச்சுக்கு மூச்சு அதுதான். கோடை வரட்டும்.

ஏப்ரல் 25, சனி

கோடை வந்துவிட்டது. தார் ரோடு செருப்பில் ஒட்டுகிறது. தம்பி போனில் கத்தினான்: "வந்து பாருக்கா. கரன்ட் பில்லே இல்லாத ஏசி!"

போனேன். சுரங்க வாசலிலிருந்து ஒரு தகரக் குழாயை இழுத்து டிக்கெட் அறைச் சுவரைத் துளைத்துச் சொருகியிருக்கிறான். அதிலிருந்து குளுகுளுவென்று காற்று. லிஃப்ட்காரன் புத்தி வீண்போகவில்லை. தம்பி மனைவி தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மதியம் வேலை இல்லாவிட்டாலும் வீட்டுக்குப் போவதில்லையாம், இங்கேயே பாய் விரித்துத் தூங்கிவிடுகிறாளாம். தம்பியும் வண்டியை ஓரம் கட்டிவிட்டு இங்கேதான்.

குழாய்க்கு நேராக நாற்காலியைப் போட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தேன்.

"சொர்க்கம்டா."

"நீயே சொல்லிட்ட. போர்டுல எழுதி வைக்கட்டுமா?"

மே 3, ஞாயிறு

வரிசை ரோடு வரை நிற்கிறதாம். இன்னும் இரண்டு வழிகாட்டிகளை வேலைக்குச் சேர்த்துவிட்டான். அம்மா போகிற வருகிறவரிடமெல்லாம் "என் மகன் சுரங்கம் வச்சிருக்கான்" என்கிறாள்.

மே 17, ஞாயிறு

வேறு ஊரில் நேற்று வேலை. திரும்பும் வழியில் தம்பியைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று இன்றைக்கு நின்றேன். டிக்கெட் அறையில் நாற்காலி. குளிர்காற்று. தேநீர். தம்பி மனைவி டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள். நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவில் அந்த ரிப்பன் மிச்சம். வெயிலில் வெளுத்துவிட்டது. வரிசையில் நின்ற ஒரு பெண்ணின் தோளைத் தட்டிக்கொண்டிருந்தது. அவள் தள்ளிவிட்டாள். மறுபடி வந்து தட்டியது. கொசுவை விரட்டுவதுபோல மறுபடி தள்ளிவிட்டாள். மறுபடி வந்தது.

அவள் கதவுக்கு வெளியே நின்றாள். ரிப்பனும் வெளியே வந்து தட்டியது.

தேநீரைக் கீழே வைத்தேன்.

அன்றைக்குத் தம்பி ஹெல்மெட்டில் போய்ச் சுற்றிக்கொண்ட ரிப்பன். உள்ளே.

வண்டியில் நேற்றைய வேலைக்குக் கொண்டுபோன ரேடான் கருவி இருந்தது. கொண்டுவந்து மேசைமேல் வைத்தேன். "என்னக்கா, இங்கயுமா?" என்றாள் அவள். சும்மா, பழகின கை என்றேன். கருவி பார்த்துச் சொல்லும்வரை தேநீரைத் தொடவில்லை. அது சொன்ன எண்ணைப் பார்த்துக் கருவி கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். சத்தியமாக. என்னைவிடக் கருவி தப்புச் செய்ய வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிற ஆள் நான். இன்னொரு கருவி எடுத்துவந்தேன். அதுவும் அதையே சொன்னது.

வரம்புக்கு இருபது மடங்கு. டிக்கெட் அறையில். மூலையில் பாய் சுருட்டி வைத்திருக்கிற அறையில்.

மே 18, திங்கள்

எழுதிப் பார்த்தால்தான் மனசு நிற்கும்.

குளிர்காலத்தில் மலைக்குள் இருக்கிற காற்று வெளிக்காற்றைவிடச் சூடு. சூடானது மேலே ஏறும், கிணறு வழியாகப் போகும். கீழ் வாசல் புதுக்காற்றை உள்ளே இழுக்கும். நான் அளந்தது அப்போது. கோடையில் எல்லாம் தலைகீழ். உள்ளே இருக்கிற குளிர்ந்த காற்று கனம், கீழே இறங்கும். மேல் கிணற்றில் நுழைகிற காற்று நாங்கள் கம்பி போட்டு அடைத்த அத்தனை பொந்தையும் தடவி, அங்கே சேர்ந்து கிடக்கிற ரேடானையெல்லாம் வாரிக்கொண்டு, பாதை வழியே வந்து கீழ் வாசலில் கொட்டும். அதற்குத் தம்பி குழாய் வேறு போட்டு அறைக்குள் விட்டிருக்கிறான். நான் அதன் முன்னால் உட்கார்ந்து சொர்க்கம் என்றேன்.

இது தெரியாத விஷயமா? படிச்சிருக்கேனே. பரீட்சையில எழுதியிருக்கேனே! ஒரு பருவத்துல அளந்தா அது ஒரு பருவத்துக்குத்தான்னு மத்தவங்களுக்கு வகுப்பு எடுத்திருக்கேனே. எண் நல்லா வந்ததும் வாயெல்லாம் பல்லு. எண் நல்லா வந்தா யாரு திரும்பக் கேக்கறா? நான் கேக்கல.

அவன் சிகரெட் வேற பிடிக்கிறான். ரேடானும் சிகரெட்டும் சேர்ந்தா ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு இல்ல, அதுக்கும் மேல. முட்டாப்பய.

அழுதேன். கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த இவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். "தப்பு எங்கேன்னு தெரிஞ்சுபோச்சுல்ல? தெரியாம அழறதுதான் கஷ்டம்" என்றார். முகத்தைக் கழுவிக்கொண்டு ஆபீஸுக்குப் போய் ரெண்டு கருவியையும் சரிபார்க்கச் சொன்னேன். ரெண்டும் கல்லுப்போலச் சரியாக இருக்கின்றன. நாளைக்குத் தம்பியிடம் சொல்ல வேண்டும்.

மே 19, செவ்வாய்

சொன்னேன். வாசலில் வைத்து, ரிப்பனைக் காட்டி, மேல் கிணறு கீழ் வாசல் எல்லாம் விளக்கி.

முதலில் சிரித்தான். அப்புறம் சிரிப்பு நின்றது.

"உன் மெஷின் அன்னைக்குப் பொய் சொல்லுச்சா, இன்னைக்குப் பொய் சொல்லுதா?"

"ரெண்டு நாளும் உண்மைதான்டா சொல்லுச்சு. காத்து பக்கம் மாறிடுச்சு. நான்தான் ஒரு பக்கம் மட்டும் பாத்தேன்."

"குழாயைப் பிடுங்கிடறேன். டேபிளை வெளிய போடறேன். போதுமா?"

"பாதையும் அதே காத்துதான். ஒரு தடவை சுத்திப் பாத்துட்டுப் போறவங்களுக்குப் பெருசா ஒண்ணுமில்ல. நாள் முழுக்க உள்ளயே நடக்கற நீ? உன் வழிகாட்டிங்க? கோடை முடியற வரைக்கும் மூடணும்."

"பள்ளிக்கூடம் லீவு விட்ட அன்னைக்கு மூடுன்னு சொல்ற. வேலையை விட்டுட்டு வந்தேன்க்கா. நீ கையெழுத்துப் போட்டதை நம்பி."

"தெரியும்."

"தெரியும்னு மட்டும் சொல்லு. வேற என்ன சொல்வ!"

குழாயைச் சுவரிலிருந்து இரண்டு கையாலும் பிடுங்கி வெளியே எறிந்தான். அது உருண்டுபோய் என் வண்டிச் சக்கரத்தில் இடித்து நின்றது. வேண்டுமென்று எறியவில்லை. ஆனால் இடித்ததைப் பார்த்துவிட்டும் எடுக்க வரவில்லை.

மே 20, புதன்

என் கையெழுத்தை நானே திரும்பப் பெறுகிறேன் என்று நகராட்சிக்கு எழுதிக் கொடுத்தேன். மேலாளர் கண்ணாடியைக் கழற்றி, "நீயே உன்னை அடிக்கிறியேம்மா" என்றார். வேறு யாராவது அடிப்பதற்கு முன்னால் நானே அடிப்பது நல்லது என்றேன்.  

சாயங்காலமே கதவுக்குச் சங்கிலி போட்டுவிட்டார்களாம்.

மே 21, வியாழன்

அம்மா என்னோடு பேசுவதில்லை. என்னைப் பற்றிச் சுவரோடு பேசுகிறாள். "கூடப்பொறந்தவன் வயித்துல அடிக்க ஒரு மெஷின் வச்சிருக்கா" என்று சுவருக்குச் சொன்னாள்.

மே 24, ஞாயிறு

தம்பி மனைவி வந்தாள். தனியாக. நாற்காலியில் உட்கார்ந்ததும் கேட்டாள்.

"எனக்கு என்ன ஆகும்னு சொல்லுங்கக்கா. சுத்தி வளைக்காதீங்க. அவருக்குத் தொழில் போச்சேன்னு கவலை. நான்தான அந்த அறையில பாய் போட்டுத் தூங்கினேன்?"

"நாளைக்கு ஒண்ணும் ஆகாது. அடுத்த வருஷமும் ஆகாது. இது வருஷக்கணக்குல மூச்சு விட்டுச் சேர்ற விஷயம். நீ இருந்தது சில வாரம். உனக்குக் கூடியிருக்கற ஆபத்து ரொம்பச் சின்னது."

"ஆனா இல்லைன்னு சொல்ல மாட்டேங்கறீங்க."

"சொல்ல மாட்டேன். பொய்யாயிடும்."

அவள் தலையாட்டிக்கொண்டாள். என்னை ரெண்டு அறை அறைந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் அன்னைக்குக் கேட்டேன். இங்க ஒண்ணு வைக்கலையான்னு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அதைச் சொல்லிக் காட்டத்தான் பஸ் ஏறி வந்தேன். சொல்லிட்டேன். டீ இருக்கா?"

டீ போட்டேன். சர்க்கரை அதிகமாகப் போட்டுவிட்டேன். குடித்துவிட்டு, "அவரு சிகரெட்டை நான் பாத்துக்கறேன். உங்க தம்பி வாய்க்கு நீங்கதான் வழி கண்டுபிடிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அம்மா உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். ராத்திரி சாப்பாட்டுத் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். சுவர் பக்கம் திரும்பவில்லை.

ஜூன் 7, ஞாயிறு

தம்பியிடமிருந்து ஒன்றுமில்லை. நானும் கூப்பிடவில்லை. நான் செய்தது சரி. இரண்டாவது தடவை செய்தது. அதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை, அதனால் தூக்கம் வருகிறது. அவன் இல்லாத ஞாயிற்றுக்கிழமை மட்டும் சப்பென்று இருக்கிறது.

ஜூன் 16, செவ்வாய்

வழிகாட்டிகள் இரண்டு பேருக்கும் தம்பி தனக்குத் தெரிந்த லிஃப்ட் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறானாம். தான் மட்டும் போகவில்லை. பழைய முதலாளி கூப்பிட்டும் போகவில்லை. தினமும் சுரங்கத்துக்குப் போய்ச் சங்கிலி போட்ட கதவுக்கு வெளியே, வெயிலில், உட்கார்ந்திருக்கிறான் என்று அவன் மனைவி சொன்னாள். "ரிப்பனையே பாத்துட்டு இருக்காருக்கா."

ஜூன் 29, திங்கள்

இவர் கடையிலிருந்து வந்ததும் ஒரு மாதிரி சிரித்துக்கொண்டே இருந்தார். என்ன என்றால், ஒன்றுமில்லை. அப்புறம் சாப்பிடும்போது, யாரோ கேட்ட மாதிரி கேட்டார்:

"ஒரு சுரங்கம்னு வச்சுக்கோ. மேல் கிணத்துல பெரிய ஃபேன் ஒண்ணு வச்சு, காத்தை மேல மேல இழுத்துக்கிட்டே இருந்தா, கோடையிலயும் கீழ் வாசல் உள்ளதான இழுக்கும்?"

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"உங்க கடைக்குச் சுரங்கம் எல்லாம் வருதா?"

"வாடிக்கையாளர் ஒருத்தர் கேட்டாரு. யாருன்னு சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. வாயில பெப்பர்மின்ட் வாசனை."

பெப்பர்மின்ட்! சிகரெட் இல்லை.

"உங்க வாடிக்கையாளர்கிட்ட சொல்லுங்க. இழுக்கும். ஆனா மலை தள்ளற பலத்தை விட ஃபேன் பலம் அதிகமா இருக்கணும். ரொம்பச் சூடான நாளுக்குக் கணக்குப் போடணும், சாதாரண நாளுக்கு இல்ல. மேல வெளிய வர்ற காத்துல எல்லா ரேடானும் இருக்கும், கிணத்தைச் சுத்தி யாரும் நிக்காம வேலி போடணும். அப்புறம், ஃபேன் நின்னா மணி அடிக்கணும். கரன்ட் போனா எல்லாரும் வெளிய வந்துடணும்."

"மெதுவா சொல்லு, எழுதிக்கறேன்" என்று கண்ணாடி துடைக்கிற காகிதத்தை எடுத்தார்.

ஜூலை 3, வெள்ளி

வாடிக்கையாளர் மறுபடி வந்தாராம். பழைய லிஃப்ட் மோட்டார் ஒன்று கைவசம் இருக்கிறதாம், அதில் ஃபேன் சுற்றினால் போதுமா? போதாது, அது நின்று நின்று ஓடப் பிறந்தது, நாள் முழுக்க ஓடாது என்று சொல்லி அனுப்பினேன்.

ஜூலை 6, திங்கள்

"லிஃப்ட் மோட்டாரைப் பத்தி எனக்கே பாடமான்னு வாடிக்கையாளர் கேட்கச் சொன்னாரு."

"அப்ப அது சரிதானான்னு வாடிக்கையாளர்கிட்ட கேளுங்க."

ஜூலை 7, செவ்வாய்

சரிதானாம். வேறு மோட்டார் பார்க்கிறாராம்.

இவருக்குக் கண்ணாடி வியாபாரத்தைவிட இதுதான் பிடித்திருக்கிறது. ரெண்டு பேருக்கும் நடுவில் நடந்து நடந்து இளைத்துவிட்டேன் என்கிறார். இளைக்கவில்லை.

ஜூலை 19, ஞாயிறு

அம்மா அவன் வீட்டுக்குப் போய்வந்தாள். கூடத்திலேயே ஃபேன் இறக்கைகள் கிடக்கின்றனவாம், உட்கார இடமில்லையாம். "ஒவ்வொண்ணும் கதவு மாதிரி இருக்குடி. உங்க அப்பா இருந்தா சத்தம் போட்டிருப்பார்" என்றாள். முகத்தில் பெருமை வழிந்தது. கொஞ்சம் பொறுத்து, என்னைப் பார்த்தே, "அவன் உன்னைக் கேட்டான்" என்றாள்.

"என்ன கேட்டான்?"

"அக்கா இளைச்சிருக்காளான்னு."

இவருக்கும் எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மாவுக்கு ஏன் என்று புரியவில்லை, ஆனாலும் சேர்ந்து சிரித்தாள்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

வெயில் மண்டையைப் பிளக்கிறது. இந்தக் கோடையில் இதுதான் கொடுமையான வாரம் என்கிறார்கள். நல்லது. சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல வாரம் கிடைக்காது என்று வாடிக்கையாளருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். பதில் இல்லை.

ஆகஸ்ட் 6, வியாழன்

மதியம் ஆபீஸில் இருக்கும்போது போனில் ஒரு படம் வந்தது. தம்பியிடமிருந்து. மே மாதத்துக்குப் பிறகு முதல் தடவை. எழுத்து எதுவும் இல்லை. கம்பிக்கதவு. வெளியே தரையில் வெள்ளை வெயில், நிழலே இல்லாத நேரம். கதவில் அந்த வெளுத்த ரிப்பன்.

உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது. கயிறு கட்டி இழுத்த மாதிரி நேராக.

எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை. "அழகா இருக்குடா" என்று எழுதினேன், அழித்தேன். "சபாஷ்" என்று எழுதினேன், அழித்தேன். கடைசியில், "ரிப்பன் சொன்னா போதாது. அளக்கணும். இப்பவும், குளிர்காலத்துலயும், நடுவுலயும்" என்று அனுப்பினேன். அனுப்பிய பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். இதைத்தானா முதலில் சொல்வார்கள்?

உடனே பதில் வந்தது.

"தெரியும். மெஷினை எடுத்துட்டு வா. ஆனா டிக்கெட் வாங்கினாத்தான் உள்ள விடுவேன்."

சனிக்கிழமை போகிறேன். டப்பாக்களைத் துடைத்து, பெட்டியில் அடுக்கி, வண்டியில் வைத்துவிட்டேன். பாதைக்கு வேண்டியதையெல்லாம் எடுத்து வைத்த பிறகு, திரும்பிப் போய் இன்னும் ஒன்று எடுத்துவந்து வைத்தேன். அது டிக்கெட் அறைக்கு.